பரிஹாக்காவையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் போர்கள் பற்றிய உங்கள் கட்டுரை, 1863இல் பிரிட்டிஷ் படை அங்குள்ள வைக்காட்டோ பகுதிக்குள் நுழைந்ததை நன்றாகவே சொன்னது, சரி. ஆனால் நிலம் பறிபோன கதையை இரண்டே வரியில் தாண்டிவிட்டீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். அதே ஆண்டு சட்டம் போட்டு, மாவோரிகளைக் கலகக்காரர்கள் என்று முத்திரை குத்தி, வைக்காட்டோவில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கரைப் பிடுங்கினார்கள். சண்டைக்கே போகாதவர்களின் நிலமும் அதில் போனது.

அப்புறம் தாரனாக்கி பகுதியில் உள்ள பரிஹாக்கா என்ற மாவோரி ஊர். தே ஃபிட்டி, தோஹு என்ற இரு தலைவர்களின் பேச்சைக் கேட்டு அந்த ஊர் மக்கள் ஆயுதம் எடுக்கவில்லை. பறிக்கப்பட்ட நிலத்தில் ஏர் பூட்டி உழுதார்கள், நில அளவைக்காரர்கள் அடையாளத்துக்கு நட்ட குச்சிகளைப் பிடுங்கிப் போட்டார்கள், அவ்வளவுதான். 1881 நவம்பர் 5 அன்று சுமார் 1,600 பேர் கொண்ட அரசுப் படை ஊருக்குள் வந்தபோது எதிரே பாடிக்கொண்டு நின்றவர்கள் குழந்தைகள், வந்தவர்களுக்கு ரொட்டியும் கொடுத்தார்கள். தலைவர்கள் இருவரையும் பிடித்துக்கொண்டுபோய், விசாரணையே இல்லாமல் 1883 வரை அடைத்துவைத்தார்கள். வீடுகளை இடித்தார்கள், பயிரை அழித்தார்கள். நியூசிலாந்து அரசு அந்த ஊருக்கே வந்து மன்னிப்புக் கேட்டது 2017இல்தான். இதை வைத்துத் தனிக் கட்டுரை ஒன்று போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்