ஒளித்தவருக்கும் பிழையாக விளங்கிக்கொண்டவருக்கும் ஒரே தண்டமா?

நிதி அமைச்சுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

வற் எனும் பெறுமதி சேர் வரிக்குப் பிழையான விளக்கத்தால் பதியத் தவறி, பின் தானாகவே வந்து சொன்னவரிடமும் வாங்கும் தண்டப்பணத்தைப் பற்றியது இந்த மடல். கொட்டாஞ்சேனையில் ஒரு துப்புரவுச் சேவை நிறுவனம் நடத்துகிறேன். 2018இல் பன்னிரண்டு பேருடன் தொடங்கினோம். கொரோனாக் காலத்தில் வேலை பெருகி, 2022இல் நூற்றிமுப்பது பேரானோம். முக்கால்வாசிப் பேர் பெண்கள். மட்டக்குளியிலிருந்தும் முகத்துவாரத்திலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்து, ஒபிஸ் திறக்கும் முன் மாடிப்படி துடைத்து முடித்துவிடுவார்கள்.

நாங்கள் 100 ரூபாவுக்கு பில் போட்டால் அதில் 84 ரூபா அவர்களின் சம்பளமும், ஊழியர் சேமலாப நிதிக்கு நாங்கள் கட்டும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும். 9 ரூபா மருந்துத் தண்ணீர், மொப், மெஷின், லொறிக்கூலி. மிச்சம் 7 ரூபா. பில்லிலும் இவற்றைத் தனித்தனி வரிகளாகத்தான் எழுதி வந்தோம்: சம்பளம் இவ்வளவு, சேவைக் கட்டணம் இவ்வளவு என்று.

இனி வற் வரி. 2020 ஜனவரியிலிருந்து, ஆண்டுப் புரள்வு, அதாவது ஆண்டில் போடும் பில்களின் மொத்தம், 300 மில்லியன் ரூபாவைத் தாண்டினால்தான் இந்த வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்தது. எங்களுக்கும் அதற்கும் வெகுதூரம். 2022 ஒக்டோபர் 1இலிருந்து அந்த எல்லை ஒரேயடியாக 80 மில்லியனுக்கு, அதாவது காலாண்டுக்கு 20 மில்லியனுக்கு இறங்கியது. அதே நாளில்தான் 2.5 வீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியும் ஆரம்பமானது. வற் வீதமோ அந்த ஆண்டில் 8இலிருந்து ஜூனில் 12ஆகி, செப்டெம்பரில் 15ஆனது. எல்லையைக் குறைத்த 44ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது டிசெம்பரில். டிசெம்பரில் வந்த சட்டம் ஒக்டோபரில் செய்த வேலையைக் கட்டுப்படுத்தியது. டீசலுக்கு வரிசையில் நின்ற வருடம் அது என்பதை நான் நினைவூட்டத் தேவையில்லை.

அப்போதே வரி ஆலோசகர் ஒருவரிடம் போனேன். சம்பளப் பகுதி வாடிக்கையாளரின் காசு, அது உங்கள் கையால் போகிறது, அவ்வளவுதான். புரள்வு என்று கணக்கெடுக்க வேண்டியது சேவைக் கட்டணத்தை மட்டும் என்றார். எழுத்திலும் தந்தார். நான் நம்பினேன். 2024 ஜனவரியில் எல்லை 60 மில்லியனாகக் குறைந்து, வீதம் 18 ஆனபோது புதிதாக வந்த கணக்காளர் பழைய பில்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த விளக்கம் பிழை என்றார். ஊழியர்கள் எங்களுடையவர்கள், ஒப்பந்தம் எங்களுடையது. ஆகவே பில் தொகை முழுவதும் எங்கள் புரள்வு. அவர் சொன்னதே சரி. ஐந்து காலாண்டுகள் நாங்கள் பதியாமல் இருந்திருக்கிறோம்.

யாரும் வந்து பிடிக்கவில்லை. நாங்களே போய்ச் சொன்னோம். ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வரி. அதைக் கட்டத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. மனைவியின் பெயரிலிருந்த வீட்டை ஈடு வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் எழுதுவது தண்டப்பணத்தைப் பற்றி. தவணை தப்பிய வரிக்கு முதலில் 10 வீதம், பின் ஒவ்வொரு மாதத்துக்கும் 2 வீதம், வரித்தொகைக்குச் சமமாகும் வரை ஏறலாம் என்பது சட்டம். நாங்கள் வாய் திறந்த மார்ச் மாதத்திலேயே, 2022 ஒக்டோபருக்கான வரியின் தண்டம் 40 வீதமளவில் நின்றது. 7 ரூபா மிஞ்சுகிற தொழிலில் 15 ரூபா வரி, அதற்கு மேல் 6 ரூபா தண்டம். அந்த 15 ரூபாவை நான் எவரிடமும் வாங்கி வைத்திருக்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு கட்டாதவன் வேறு, வாங்கவே இல்லாதவன் வேறு. பழைய பில்களுக்கு இப்போது வரி கேட்டுப் போனால், எங்கள் நான்கு பெரிய வாடிக்கையாளரில் இருவர் ஒப்புக்கொண்டார்கள். மற்ற இருவரும் கணக்கு மூடியாயிற்று என்று கைவிரித்தார்கள்.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் நின்று பார்க்க வேண்டும். எங்கள் வாடிக்கையாளர்களில் மூவர் வற் பதிவுள்ள கம்பனிகள். நான் அன்றே 15 ரூபா சேர்த்து பில் போட்டிருந்தால், அவர்கள் அதை உள்ளீட்டு வரியாகத் தங்கள் வரியிலிருந்து கழித்திருப்பார்கள். என்னிடமிருந்து வந்திருக்கும் பணம் அவர்கள் வழியாகத் திரும்பிப் போயிருக்கும். ஒரு தனியார் பாடசாலை மட்டுமே கழிக்க முடியாதது. திறைசேரிக்கு உண்மையில் நட்டமென்றால் அந்தப் பாடசாலையின் பில்லில்தான். ஆனால் தண்டம் கணக்கிடப்படுவது நான்கு பேரின் பில்லுக்கும்.

மறைத்தேன் என்று எவரும் சொல்ல முடியாது. எத்தனை பேருக்கு எவ்வளவு சம்பளம் என்பது மாதாமாதம் சேமலாப நிதிக்கான சி படிவத்தில் போயிருக்கிறது. வருமான வரிப் பத்திரத்தில் முழுத் தொகையும் காட்டியிருக்கிறேன். எல்லாம் அரசின் கையிலேயே இருந்தது.

அக்கரையில் இதே சிக்கலை எப்படிப் பார்த்தார்கள் என்று தேடிப் படித்தேன். இந்தியாவில் 1994இலிருந்து 2017 வரை சேவை வரி இருந்தது. அதன் 80ஆம் பிரிவு, தவறுக்கு நியாயமான காரணம் இருந்ததென்று நிரூபித்தவருக்குத் தண்டம் இல்லை என்றது. 2015இல் அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். அது அவர்கள் செய்த பிழை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அறிவித்தல் வருமுன் வரியையும் வட்டியையும் தானே கட்டியவரை மேற்கொண்டு துரத்தாத 73ஆம் பிரிவின் ஏற்பாடு கடைசிவரை நின்றது. இன்னும் பின்னே போனால், ஹிந்துஸ்தான் ஸ்டீல் வழக்கில் 1969இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தான் வணிகர் என்ற வரையறைக்குள் வரவில்லை என்று நேர்மையாக நம்பி விற்பனை வரிக்குப் பதியாமல் இருந்த நிறுவனம் அது. வேண்டுமென்றே சட்டத்தை மீறினாலன்றித் தண்டம் விதிப்பது வழமையாகாது என்றது நீதிமன்றம். என் கதையும் அதேதான்.

நம் நாட்டில் 2021ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க நிதிச் சட்டம், அதுவரை காட்டாத சொத்தைக் காட்ட முன்வந்தவர்களுக்கு 1 வீத வரியோடு மன்னிப்பு வழங்கியது. தெரிந்தே மறைத்தவருக்கும் அந்தக் கதவு திறந்திருந்தது. மறைக்காதவருக்கு ஏன் ஒரு கதவும் எழுதப்படவில்லை?

நான் கேட்பது தனிப்பட்ட சலுகை அல்ல. ஓர் அதிகாரி மனமிரங்குவதையோ, யாருக்கு யாரைத் தெரியும் என்பதையோ நம்பியிருக்கும் தள்ளுபடியும் எனக்கு வேண்டாம். சட்டத்திலேயே எழுதுங்கள்: அறிவித்தல் கிடைக்குமுன் தானாக வந்து வெளிப்படுத்தி, கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருந்து, தான் ஏன் அப்படி நம்பினேன் என்பதற்கு அன்றைய தேதியிட்ட எழுத்தைக் காட்டக்கூடியவரிடம் வரியையும் நியாயமான வட்டியையும் மட்டும் வாங்குவது என்று. ஒரு வரி எல்லை மாறும்போது, சட்டம் நிறைவேறிய நாளுக்கு முந்திய மாதங்களுக்குத் தண்டம் ஓடாது என்றும் சேர்த்து எழுதுங்கள்.

சென்ற மாதம் பதினொரு பேரை நிறுத்தினேன். அதில் ஒருவர், 2018இல் எங்களுடன் முதல் நாள் வேலைக்கு வந்த அக்கா. பதிவுத் திகதிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. சேமலாப நிதிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வற் திருத்தச் சட்டமூலம் உங்கள் மேசைக்கு வரும்போது இந்த ஏற்பாட்டைச் சேர்த்துவிடுங்கள். குழுநிலை விவாதத்தில் சாட்சி சொல்ல அழைத்தால், பில்களையும் சி படிவங்களையும் தூக்கிக்கொண்டு வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
துப்புரவுச் சேவை நிறுவன உரிமையாளர் ஒருவர்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13