முதல் சம்பளம்: அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். தம்பி படித்துக் காட்டுவான். சபைக்காரர்களும் படிப்பார்கள் என்பதால், பேரன் விசுவாசத்தில் பின்வாங்கிப்போனான் என்று உங்களிடம் வந்து சொன்னது யார் என்பதை இங்கே கிளறவில்லை.

முதற்பலனாக ஆண்டவருக்குப் படைக்கவேண்டும் என்று நீங்கள் காத்திருந்த என் பெரியவனின் முதல் சம்பளம் முழுதும் உங்கள் தங்கை, நம் சித்தியின் டயாலிசிஸுக்குப் போனது. முடிவெடுத்தது அவன்தான். நான் தடுக்கவில்லை. உங்கள் மனசு நொந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்; கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை.

என் முதல் சம்பளக் கவரோடு நான் வந்தபோது சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். கல்லுப்பும் புளியும் போட்டுக் கையைத் தேய்த்து, மோந்து பார்த்து, மறுபடியும் தேய்த்தீர்கள். கவுச்சி போன பிறகுதான் கவரைத் தொட்டீர்கள். ஒவ்வொரு நோட்டாக நீவி வேதாகமத்துக்குள் வைத்தீர்கள். தம்பி கல்லூரிச் சலானோடு வாசற்படியில் நின்றான். மறுநாள் கடைசித் தேதி. அவன் பக்கம் நீங்கள் திரும்பவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கவரை எடுத்துக்கொண்டு பீடத்துக்கு நடந்தபோது உங்கள் காதில் கம்மல் இல்லை, ஈர்க்குச்சி இருந்தது. பெண்கள் பக்கம் முழுக்கப் பார்த்தது. உங்களைப்போல் ஆண்டவரை நம்ப எனக்கு வராது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அடகுக்கடை வட்டியைக் கட்டியது யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். சரி, அதை விடுங்கள்.

முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடுங்கள் என்கிற மத்தேயு 6:33-ஐ மனப்பாடம் செய்யவைத்தவர் நீங்கள். மாற்கு 7-ஐயும் வாசியுங்களேன். பெற்றவர்களுக்குச் சேரவேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு சும்மா விட்டாரா? 1903-ல் நம் திருநெல்வேலி ஜனங்கள் சொந்தக் காசில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பியதை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் அவர்கள் யாரும் கூடப்பிறந்தவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கொடுக்கச் சொல்லவில்லை, அம்மா.

ஜெபம் முடியாமல் உங்கள் வாயில் கடுங்காப்பிகூடப் படாது. பெரியவனும் அப்படித்தான். சென்னையில் அவன் அறையில், செல்போனைத் தொடுவதற்கு முன்னால் முழங்கால் போட்டுவிடுகிறான். என்னைப் பார்த்து அவன் அதைக் கற்கவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து தசமபாகம் தவறாது. அறுப்பின் பண்டிகைக்கு வருகிறோம். அவன் கையாலேயே போடுவான். பெயரை மட்டும் சபையில் வாசிக்கச் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்