குலசேகரத்திலிருந்து ஒரு மார்கழிக் கடிதம்

குலசேகரம்,
மார்கழிக் கடைசி

அன்பு தாஸ்,

உன் கடிதம் கிடைத்தது. கனடாவில், உன் வின்னிபெக்கில் மைனஸ் 31 என்று எழுதிவிட்டு, கூடவே "ஊரில் 22 டிகிரிக்கே போர்வை தேடுகிறீர்களாமே, அதெல்லாம் ஒரு குளிரா மக்கா?" என்று கேட்டிருக்கிறாய். குளிர்தான் மக்கா. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அடுக்களையிலிருந்து தொடங்குகிறேன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கும் என்பது உனக்குத் தெரியும். இப்போது தினமும் அதைப் பார்க்கிறோம். ராத்திரி படுக்கும்போது குப்பியின் அடியில் வெள்ளையாக லேசாகப் படிந்திருக்கும். விடியும்போது கழுத்துவரை கட்டியாகிவிடும். அம்மை அதை அடுப்புத் திண்டில் கொண்டு வைக்கிறாள். மரச்சீனி வெந்து முடிவதற்குள் தாளிக்கும் அளவுக்கு ஓரத்தில் இளகிவிடும். மாசி பிறந்தால் இந்த வேலை இல்லை. ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம்தான், ஆனால் வீட்டின் நடைமுறையே மாறிப்போகிறது.

ரப்பருக்கும் இதே கதைதான். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெட்டுக்கு இறங்குகிறார்களே, அது வெயிலுக்குப் பயந்து மட்டுமல்ல. குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் நன்றாக இருக்கும். பால் நின்று நிதானமாக வெகுநேரம் சிரட்டையில் சொட்டும். வெயில் ஏறினால் இலை வழியாக ஈரம் போய் அழுத்தம் இறங்கிவிடும், பாலும் சீக்கிரம் நின்றுவிடும். மழை ஓய்ந்து குளிர் பிடிக்கிற இந்த நாட்களில்தான் பால் நன்றாகக் கிடைக்கிறது. ஆனால் இலை பழுத்து உதிரவும் தொடங்கிவிட்டது. இனி கொழுந்து வரும். அந்தச் சமயத்தில் பனி அதிகமாக விழுந்தால் சாம்பல் நோய் பிடித்துக் கொழுந்து கருகிவிடும் என்ற கவலை எனக்கு இப்போதே இருக்கிறது. உனக்கு 22 என்பது ஒரு எண். எனக்கு அது அந்த மாதத்து வரும்படி.

சரி, உன் ஊருக்கு வருவோம். நீ இருப்பது ஏறக்குறைய 50 டிகிரி வடக்கில். லண்டன் அதைவிடக் கொஞ்சம் வடக்கே, 51.5 டிகிரியில் இருக்கிறது. ஆனாலும் லண்டனில் ஜனவரி மாதச் சராசரி பூஜ்யத்துக்குக் கீழே போவதில்லை. உன் ஊரிலோ மைனஸ் 16 பக்கம் நிற்கிறது. இத்தனைக்கும் சூரியன் இரண்டு ஊருக்கும் ஒரே மாதிரி சாய்ந்துதான் அடிக்கிறது. எல்லாம் கடல் செய்கிற வேலை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, அதே எடை மண்ணுக்குத் தேவைப்படுவதைப் போல நாலைந்து மடங்கு வெப்பம் வேண்டும். கோடை முழுக்க வாங்கிச் சேர்த்த வெப்பத்தைக் கடல் குளிர்காலத்தில் மெல்லமெல்ல விடுகிறது. அட்லாண்டிக் மேல் வீசிவரும் மேற்குக் காற்று அதை லண்டனுக்குக் கொண்டு சேர்க்கிறது. உனக்குப் பக்கத்தில் இருக்கிற கடல் ஹட்சன் விரிகுடா. அதுவும் ஜனவரியில் உறைந்து கிடக்கும். வடதுருவத்துக் காற்றைத் தடுக்க இடையில் ஒரு மலை கிடையாது, வெறும் சமவெளி. நம் நாட்டில் அந்த வேலையை இமயமலை செய்கிறது. அது இல்லாவிட்டால் சைபீரியக் காற்று டெல்லிக்கு இன்னும் என்ன பாடு கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பார்.

சைபீரியா என்றதும் வெர்கோயான்ஸ்க் ஞாபகம் வருகிறது. 1892இல் அங்கே மைனஸ் 67.8 பதிவானது. அதே ஊரில் 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி வெயில் அடித்தது. ஒரே ஊர், 105 டிகிரிக்கு மேல் வித்தியாசம்! நம் கன்னியாகுமரியில் மிகக் குளிர்ந்த மாதத்துச் சராசரிக்கும் மிகச் சூடான மாதத்துச் சராசரிக்கும் நாலைந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்காது. மூன்று பக்கமும் கடல் நம்மைப் பிடித்து வைத்திருக்கிறது.

இன்னொன்று. பூமி சூரியனுக்கு மிக நெருங்கி வருவது ஜனவரித் தொடக்கத்தில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி. நெருங்கியிருக்கும்போதுதான் நீ உறைந்துபோகிறாய்! பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பது அந்த நெருக்கத்தையெல்லாம் அடித்துப்போட்டுவிடுகிறது. டிசம்பர் 21 வாக்கில் உனக்கு நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 17 டிகிரிகூட ஏறுவதில்லை, பகலும் எட்டு மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது. எங்களுக்கு அதே நாளில் சூரியன் 58 டிகிரி உயரத்தில் நிற்கிறது. பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் மேல். குளிரைவிட அந்த வெளிச்சக் குறைவுதான் மனதை அமுக்குகிறது என்று நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். பகலில் கொஞ்ச நேரமாவது வெளியே போய் நட மக்கா. காற்றை மட்டும் பார்த்துக்கொள். மைனஸ் 25இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 39 மாதிரி. நம் ஆரல்வாய்மொழிக் காற்று வியர்வையை ஆற்றிவிட்டுப் போகும். உன் ஊர்க் காற்று தோலையே உறைய வைத்துவிடும். காதை மூடாமல் இறங்காதே.

தண்ணீர் உறையாமலிருக்கக் குழாயை ஆளுயரத்துக்கும் கீழே புதைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மண்ணுக்குள் ஓர் ஆழத்துக்குக் கீழே வருஷம் முழுக்கச் சூடு அதிகம் மாறாது. நம் கிணற்றுத் தண்ணீர் மார்கழி விடியலில் வெதுவெதுவென்று இருப்பதும் அதனால்தான். தண்ணீர் என்றும்போல இருக்கிறது, வெளிக்காற்றுதான் இறங்கிவிடுகிறது. முதல் வாளியைத் தலையில் ஊற்றும்போது சுகமாக இருக்கும். துவர்த்தால் துடைக்கும்போது பல் கிட்டும்.

கடலைப் பற்றி இவ்வளவு நல்லதாக எழுதிவிட்டு ஒக்கிப் புயலைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2017 நவம்பர் 30. அதுவும் இந்தப் பருவத்தின் தொடக்கம்தான். நமக்குக் குளிரை மட்டுப்படுத்துகிற அதே கதகதப்பான கடல்தான் புயலுக்கும் தீனி. குமரிக் கடலில் அது எத்தனை வேகத்தில் புயலாக மாறியது! ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் எத்தனை பேர் திரும்பவில்லை. இங்கே மலையோரத்தில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக முறிந்து கிடந்தன. மரத்தை மறுபடி நட்டுவிட்டோம். அந்த வீடுகளுக்கு என்ன சொல்ல முடியும்? கடல் சூடாகிக்கொண்டே போகிறது என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வெயில் கூடும் என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய பயம்.

அப்புறம், போன ஞாயிற்றுக்கிழமை குளச்சல் போய் உன் அம்மையைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறார்கள். விடியற்காலைப் பனியில் இழுப்பு கொஞ்சம் கூடுகிறது. நாலு மணிக்கே எழுந்து முற்றம் தூத்துப் பெருக்காமல் அவர்களுக்கு இருக்க முடியவில்லை. வெயில் வந்த பிறகு இறங்குங்கள் என்று சொல்லிவிட்டு, தலைக்குக் கட்ட ஒரு கம்பளித் தொப்பியும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் சொன்னால் சிரித்துக்கொண்டு கேட்கிறார்கள். நீ சொன்னால் கேட்பார்கள். உனக்கு ராத்திரி ஏழரை என்றால் இங்கே மறுநாள் காலை ஏழு. அந்த நேரத்துக்குக் கூப்பிடு. மருந்து சாப்பிட்டாயிற்றா என்றும் மறக்காமல் கேள்.

உன்,
மணி