நாலு மணி நேரம் பிந்திப் பிறந்தவளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் பெயர் எனக்குத் தெரியாது. உன்னைப் பற்றி நான் கேள்விப்பட்டபோது உனக்கு வயது இரண்டு நாள், பெயர் வைத்திருக்கவில்லை. இந்த வயதில் உன்னைப் பாப்பா என்று கூப்பிட்டால் கோபம் வரும்தான், பொறுத்துக்கொள்.

2011 பிப்ரவரியில் உங்கள் வீட்டுக்கு சென்சஸ் எடுக்க வந்த டீச்சர் நான். சவுக்கார்பேட்டையில் அந்த மூன்று மாடிக் கட்டிடம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய மாடிப்படி. தோளில் படிவப் பை. படிவத்தை மடிக்கக் கூடாது, கசக்கக் கூடாது, ஸ்கேன் செய்யும் இயந்திரம் படிக்காது என்று பயிற்சியில் பத்து தடவை சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் கைக்குழந்தையைத் தூக்குவது மாதிரி அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

முதல் மாடியில் கதவைத் திறந்தது உன் பாட்டி. உன் அம்மா உள்ளே ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நீ வயிற்றில்.

"குடும்பத் தலைவர் பேர் சொல்லுங்கம்மா."

பாட்டி சிரித்தார். பேச்சைக் காணோம். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். ஏழுமலையான் படம்.

"வெங்கடேசனா?"

தலையை ஆட்டினார், இல்லையாம்.

"ஏழுமலை?"

அதுவும் இல்லை.

"சீனிவாசன்?"

அப்படியே முகம் மலர்ந்துவிட்டது, பரீட்சையில் நான் பாஸ் செய்த மாதிரி. இந்த விளையாட்டுக்கு அரசாங்கமே இடம் கொடுத்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. 1948-ம் வருஷத்துச் சென்சஸ் சட்டம், எட்டாவது பிரிவு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் எந்தப் பெண்ணும் கணவர் பெயரையோ, வழக்கப்படி சொல்லக் கூடாத வேறு பெயரையோ சொல்லியாக வேண்டியதில்லை. சட்டம் எழுதிய யாரோ ஒருவர் உன் பாட்டி மாதிரி ஒருத்தரைப் பார்த்திருக்க வேண்டும்.

மொத்தம் 29 கேள்விகள். பத்தாவது தாய்மொழி. உன் பாட்டி, தாத்தா, அப்பா மூவருக்கும் தெலுங்கு. உன் அம்மா காஞ்சிபுரத்துப் பெண், தமிழ். "ஒரே வீட்டுல எப்படிம்மா ரெண்டு எழுதுவீங்க, எல்லாருக்கும் தெலுங்குன்னே போடுங்க" என்றார் பாட்டி. அப்படிப் போட முடியாது. சின்ன வயதில் ஒருவரிடம் அவருடைய அம்மா என்ன மொழி பேசினாரோ அதுதான் தாய்மொழி, ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கேட்டு எழுதவேண்டும். அப்படிச் சொன்னதை எல்லாம் அள்ளிச் சேர்த்தபோது நாடு முழுக்க 19,569 பெயர்கள் தேறின. அதைச் சலித்து 1,369 ஆக்கினார்கள்.

27, 28 இரண்டும்தான் எனக்கு நாக்கு எழாத கேள்விகள். எத்தனை பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள், மொத்தம் எத்தனை பிறந்தன. பாட்டி முதலில் "நாலு" என்றார். நான் எழுதினேன். அடுத்ததைக் கேட்டதும் "திரும்பச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். "ஆறு" என்றார். அப்புறம் நான் கேட்காமலே அந்த இரண்டு பேருடைய பெயரையும் சொன்னார். ஒன்று மூன்று மாதம் இருந்ததாம், இன்னொன்று பதினோரு நாள். படிவத்தில் அந்தப் பெயர்களுக்கு இடமில்லை, எண்ணுக்குத்தான் கட்டம். "ரொம்ப வருஷமா யாரும் கேட்கல டீச்சர்" என்று சொல்லிவிட்டு மோர் எடுத்து வந்தார். கணவர் பெயரைச் சொல்லாத வாய், அந்த இரண்டு பெயரையும் சொல்லிவிட்டது.

உங்கள் கட்டிடத்தில் நீங்கள் மட்டும் இல்லையே. இரண்டாவது மாடியில் ஒரு மார்வாடிக் குடும்பம், அண்ணன் தம்பிகள் நாலு பேர், அவர்கள் மனைவி மக்கள். ஒரு குடும்பமா நாலு குடும்பமா என்று நான் குழம்பி நிற்க, பெரியவர் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். சென்சஸ் கணக்கும் அதுதான். ஒரே சமையல் என்றால் ஒரே குடும்பம். தொடர்ச்சிப் படிவம் வைத்து எழுதி முடிக்க மதியம் ஆகிவிட்டது.

மேல் மாடியில் ஒரே அறையில் பதினோரு பையன்கள், வங்காளத்திலிருந்து வந்த நகைப் பட்டறைக்காரர்கள். உறவில்லாவிட்டாலும் ஒரே சமையல் என்பதால் கணக்கில் இவர்களும் ஒரே குடும்பம்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தி, அவர்களுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழ். வயது கேட்டபோது கடைசியில் உட்கார்ந்திருந்தவன் முந்திக்கொண்டு "பதினெட்டு" என்றான். மீசை அரும்பக்கூட இல்லை. பிறந்த வருஷம் கேட்டேன். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான், விரலை மடக்கினான், ஒரு வருஷம் சொன்னான். 18 என்றே எழுதினேன். சொன்னதை எழுதுவதுதான் என் வேலை என்று அன்றைக்கு என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இன்றைக்கும் அந்தச் சமாதானம் முழுசாக ஒட்டவில்லை.

சரி, உன் கதைக்கு வருகிறேன்.

28-ம் தேதி ராத்திரி வீடில்லாதவர்களை எண்ணவேண்டும். எங்களுக்கு வால்டாக்ஸ் ரோடு பக்கம். கொசு, லாரிச் சத்தம், பிளாட்பாரத்தில் வரிசையாகப் போர்வை. ஒரு பெரியவர் தார்ப்பாயை உதறிக்கொண்டே கேட்டார், "எனக்கு என்னம்மா வீட்டு நம்பர் போடுவீங்க?" பதில் சொல்லத் தெரியவில்லை. அவருடைய வயதையும் ஊரையும் எழுதிக்கொண்டு நகர்ந்தேன். அங்கே நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நடந்த அதே நேரத்தில் உன் அம்மாவுக்கு வலி எடுத்திருக்கிறது.

கணக்குப்படி இந்தியா அன்றிரவு 12 மணிக்கு நின்றுவிடுகிறது. மார்ச் 1 பூஜ்ய மணி. அதற்கு முன் பிறந்தவர்கள் உண்டு, பின் பிறந்தவர்கள் இல்லை. முன் இறந்தவர்கள் இல்லை, பின் இறந்தவர்கள் உண்டு. மார்ச் 1 முதல் 5 வரை மறுபடி வீடு வீடாகப் போய் இதைச் சரிபார்க்க வேண்டும்.

3-ம் தேதி வந்தேன். உன் தாத்தா, அதே சீனிவாசன், கையில் மைசூர்பாகு டப்பா. "பொம்பளப் பிள்ள டீச்சர்! ஒண்ணாந்தேதி விடியக்காலை நாலு மணி பத்து நிமிஷம். எழுதிக்கோங்க."

நான் பேனாவை எடுக்கவில்லை. விளக்கிச் சொன்னேன். "முந்தின நாள் ராத்திரியே வலி வந்துடுச்சேம்மா" என்றார். வலி வந்ததைக் கணக்கில் எடுக்க முடியாது. "ஒரு நாலு மணி நேரம், யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். யாருக்கும் தெரியப்போவதில்லைதான். ஆனால் அதே மாடிப்படியில் சற்று முன்னால்தான் அந்த மார்வாடிப் பெரியவரின் பெயரை அடித்துவிட்டு இறங்கியிருந்தேன். 25-ம் தேதி போய்விட்டார். சமையலறையைக் காட்டிய அந்தக் கை. அவரை விதிப்படி அடித்துவிட்டு உன்னை விதியை மீறிச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. "பத்து வருஷம் பொறுங்க ஐயா, 2021-ல் முதல் ஆளா எழுதிடுவாங்க" என்று சொல்லிவிட்டு மைசூர்பாகைத் தின்றேன்.

தமிழ்நாட்டின் கணக்கு 7,21,47,030 என்று முடிந்தது. அதில் நீ இல்லை.

2021-ம் வந்தது, போனது. 1881-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை நடந்துவந்த வேலை. உலகப்போர் நடந்த 1941-ல்கூட நிற்கவில்லை. கொரோனாவில் தள்ளிப்போனது தள்ளிப்போனதுதான். நான் கொடுத்த வாக்கு அப்படிப் பொய்யாயிற்று. இப்போது 2027 மார்ச் 1 என்று அரசிதழில் வந்திருக்கிறது. இந்த முறை செல்போனில் எடுக்கிறார்கள், சாதியும் கேட்பார்கள், விருப்பப்பட்டால் நீங்களே இணையத்தில் நிரப்பலாம். எனக்கு ட்யூட்டி வராது, ஓய்வு பெற்றுவிட்டேன்.

எந்த வீட்டில் இருந்தாலும் ஒன்று செய். தாய்மொழி கேட்கும்போது அப்பாவை முந்திக்கொண்டு நீயே சொல். உன் அம்மா உன்னிடம் தமிழில் பேசினாளா, பாட்டியைப் பார்த்துத் தெலுங்குக்கு மாறிவிட்டாளா என்று அன்றைக்கே எனக்கு ஒரு யோசனை இருந்தது. உன் வரியை நான் எழுதியிருந்தால் தமிழ் என்று போட்டிருப்பேன்.

வயதுக் கேள்வியில்தான் சிக்கல். முடிந்த வயதைத்தான் எழுதவேண்டும், கணக்கு நிற்பது நள்ளிரவு 12-க்கு. உனக்குப் பதினாறு முடிய அப்போதும் நாலு மணி பத்து நிமிஷம் பாக்கி இருக்கும். வருகிறவரிடம் இதைச் சொல்லிப்பார், என்ன எழுதுகிறார் என்று எனக்கும் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

பாட்டி இருந்தால் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சென்சஸ் டீச்சர்