என் வலது கைக்குத் துணை நின்றவர்களுக்கு

வணக்கமுங்க. திருப்பூரில் எங்கள் வீதிக்காரர்களுக்கும், பனியன் கம்பெனி அக்காமார்களுக்கும் இதை எழுதுகிறேன்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் (உடம்பில் ஓடும் நிணநீர் என்ற திரவத்தை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்து, கரண்ட்டும் (கதிர்வீச்சு) வைத்து முடித்தார்கள். அதோடு தொல்லை விட்டது என்றிருந்தோம். ஆனால் அப்புறம் வலது கையில் நிணநீர் தேங்கி வீக்கம் வந்தது, லிம்ஃபெடிமா என்பார்கள். அதை முதலில் கண்டுபிடித்தது எங்கள் வீதித் தையல்கார அக்காதான். ஜாக்கெட்டின் வலது கை மட்டும் பிடிக்கிறது, பிரித்துத் தைத்துக் கொடுங்கள் என்று போனேன். அவர் டேப்பை எடுத்து இரண்டு கையையும் ஒரே இடத்தில் அளந்து பார்த்துவிட்டு, "இது ஜாக்கெட் சமாச்சாரமில்லை அம்மிணி, நாளைக்கே டாக்டர்கிட்டக் காட்டு" என்றார். 2 செ.மீ. வித்தியாசம் வந்தாலே காட்டிவிட வேண்டுமாம். அந்த அளவு அவருக்கு எப்படிக் கண்ணில் பட்டதோ, கோடி நன்றி அக்கா.

பிசியோதெரபி மேடம், நீங்கள் பொறுமையாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. முடிச்சுகள் போனதால் நிணநீர் வடிய வழி குறைந்து, புரதத்தோடு கையிலேயே தேங்குகிறது. நீர் மாத்திரை போட்டால் தண்ணீர்தான் போகும், புரதம் அங்கேயே நிற்கும். முழுதாகக் குணமாகாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம் என்று மறைக்காமல் சொன்னீர்களே, அதுதான் எனக்குத் தெம்பு கொடுத்தது.

எங்கள் அத்தையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. விளக்கெண்ணெய் தேய்த்து அழுத்தி நீவிவிட்டே பழகிய கை அவருடையது. இந்த வீக்கத்துக்கு அப்படி அழுத்தக் கூடாது, தோல் மட்டும் லேசாக நகர வேண்டும், அதுவும் வீங்கிய கையில் ஆரம்பிக்காமல் கழுத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று மேடம் சொன்னதை, இந்த வயதில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அப்புறம் கட்டு. விரல் ஒவ்வொன்றுக்கும் தனியாக மெல்லிய துணி, மேலே பஞ்சுப் பட்டை, அதற்கு மேல் அதிகம் இழுபடாத பேண்டேஜ். கீழே இறுக்கமாக ஆரம்பித்து மேலே போகப் போகத் தளர்த்த வேண்டும். சுற்றி முடித்ததும் என் விரல் நுனியை அமுக்கி, நிறம் திரும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுப்படிக்குப் போவார்.

கறிவேப்பிலை ஒடிக்கும்போது குச்சி கீறி, ராத்திரியே கை சிவந்து குளிர்காய்ச்சல் வந்ததே, அன்று காலை வரை காத்திருக்காமல் வண்டியில் கூட்டிப்போன பக்கத்து வீட்டுத் தம்பிக்கு நன்றி. இந்தக் கையில் தொற்று வந்தால் உடனே ஆன்டிபயாடிக் வேண்டும், விட்டால் ரத்தத்தில் ஏறிவிடும் என்று டாக்டர் சொன்னார்.

பண்டல் தூக்க விடாமல் செக்கிங் டேபிளுக்கு மாற்றிக் கொடுத்த சூப்பர்வைசர் அண்ணா, வீக்கம் ஏறாமல் கையை இறுக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக் உறையான ஸ்லீவுக்கு மாற்று ஒன்று, பணம் சேர்த்து வாங்கிக் கொடுத்த அக்காமார்கள், உங்களுக்கும் நன்றி. எலாஸ்டிக் தளர்ந்தால் பிடிமானம் போய்விடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இது யானைக்கால் நோயா என்று சிலர் தயங்கிக் கேட்டார்கள். அது கொசு கடித்துப் புழு பரவி வருவது. என்னுடையது அதில்லை, யாருக்கும் ஒட்டாது. ஆபரேஷன் ஆனவர்கள் யாருக்காவது கை கனமாகவோ மோதிரம் இறுகியோ இருந்தால், கூச்சப்படாமல் எங்கள் வீட்டுக்கு வாங்க. டேப் இருக்கிறது, அளந்து பார்த்துவிடலாம்.