டவுன் (Downe) கிராம மன்றம்: செயலாளரின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். லண்டனின் விளிம்பிலுள்ள நம் டவுன் கிராமத்தின் மன்றத்துக்காகக் கடந்த மாதம் கூட்டப்பட்ட பேரவைக் கூட்டம் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமையால் ஒத்திவைக்கப்பட்டு, விதிகளின்படி எத்தனை பேர் வந்தாலும் நடத்தலாம் என்ற நிலையில் இன்று கூடியிருக்கிறது. முதல் கூட்டத்துக்காக அச்சிட்ட அறிக்கைப் பிரதிகளே இன்றும் போதுமானவையாக இருந்தன என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகள் யாவும் நடந்தேறின. வசந்தகாலத் துப்புரவுப் பணி நடைபெற்றது. கோடை விருந்து மழையால் அரங்கத்துக்குள் மாற்றப்பட்டது. ஆர்கிட் பூக்கும் காலத்தில் டவுன் பேங்க் (Downe Bank) இயற்கைக் காப்பகத்துக்குச் சென்ற நடைப்பயணத்தில் வெளியூர் விருந்தினர்களே மிகுதியாகக் கலந்துகொண்டனர். கிறிஸ்துமஸ் பாடல் மாலை சிறப்பாக அமைந்தது; அன்று மட்டும் நாற்காலிகள் போதவில்லை.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, பொது அரங்கத்தின் வெளிச்சுவரில் இதயத் துடிப்பை மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியை நிறுவியதாகும். இதைச் செயலாளரின் தனிப்பட்ட ஆர்வம் என்று சிலர் கூறுவதாக அறிகிறேன். ஆகவே இதன் தேவையைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது. ஒருவரின் இதயம் திடீரென நின்றுவிட்டால், மார்பழுத்தமோ மின்னதிர்வோ இன்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறைக்கிறது. நமக்கு அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவு ஃபார்ன்பரோவின் பிரின்சஸ் ராயல் மருத்துவமனையில் உள்ளது. அது தொலைவில்லை என்றாலும், இருபுறமும் வேலி நெருங்கிய ஒற்றைத் தடச் சாலைகளில் எதிரே குதிரைகளை ஏற்றிச் செல்லும் பெட்டி வண்டி ஒன்று வந்தால் ஆம்புலன்ஸ் என்ன செய்யும் என்பதை இவ்வூரில் கார் ஓட்டும் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

கருவியை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று செயற்குழுவிலேயே ஒரு கருத்து இருந்தது. உண்மையில் அதன்பிறகுதான் வேலை தொடங்குகிறது. குளிரில் மின்கலமும் மார்பில் ஒட்டும் பட்டைகளின் பசையும் கெடாதிருக்க, உள்ளே வெப்பமூட்டும் பெட்டி வேண்டும். அதற்கு அரங்கத்திலிருந்து மின் இணைப்பு வேண்டும். அந்த மின்சாரச் செலவு யார் கணக்கில் சேரும் என்பது முடிவாக வேண்டும். ஒட்டுப் பட்டைகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அனைத்துக்கும் மேலாக, ‘தி சர்க்யூட்’ எனப்படும் தேசியப் பதிவேட்டில் சேர்த்தால்தான் 999 என்ற அவசர அழைப்பு எண்ணில் பேசுபவர், அழைத்தவருக்குக் கருவி இருக்கும் இடத்தையும் பெட்டியின் எண்ணையும் சொல்ல முடியும். பதிவைச் செய்து, காப்பாளர் என்ற இடத்தில் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது காப்பாளருக்கான இடம் அறிவிப்புப் பலகையில் இன்னும் காலியாக இருக்கிறது. கருவியே குரல் கொடுத்து வழிநடத்தும், தேவையில்லாதவருக்கு அதிர்வு கொடுக்காது. எனவே பயிற்சி இல்லை என்ற காரணத்தை யாரும் சொல்ல வேண்டாம்.

இப்பணி ஏன் ஒரு தன்னார்வ மன்றத்தின் தலையில் விழுந்தது என்பதையும் கூற வேண்டும். இங்கிலாந்தின் பெரும்பாலான கிராமங்களில் இத்தகைய வசதிகளைப் பாரிஷ் கவுன்சில் என்ற ஊர் அளவிலான உள்ளாட்சி மன்றம் கவனிக்கிறது. அதற்கான தொகை வீட்டு வரியுடனேயே சேர்ந்து வசூலாகிவிடுகிறது. நாமோ 1965 முதல் சட்டப்படி பெருநகர் லண்டனில், புரோம்லி நகரமன்றத்தின் கீழ் இருக்கிறோம். லண்டனுக்குள் பாரிஷ் கவுன்சிலுக்கு இடமே இல்லை என்றிருந்த நிலையை 2007ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியது. அதைக்கொண்டு லண்டனின் குயின்ஸ் பார்க் பகுதி மக்கள் 2014இல் தமக்கென ஒன்றைப் பெற்றனர். நாம் பெறவில்லை. ஆக, லண்டனின் கடமைகள் அனைத்தும் நமக்கு உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் புகை மாசு வரம்பைத் தாண்டும் பழைய வண்டியுடன் தெருவில் இறங்கினாலே நாளுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். ஆனால் நம் புரோம்லி நகரமன்றப் பகுதியில் சுரங்க ரயில் நிலையம் ஒன்றுகூட இல்லை. நம் ஊரில் எந்த ரயில் நிலையமும் இல்லை. தேவாலயத்தின் முன் வந்து திரும்பும் 146ஆம் எண் பேருந்து மணிக்கு ஒன்றுதான். அதைத் தவறவிட்டவர் வாழ்வது லண்டனில் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

நம்முடன் 1965இல் லண்டனுக்குள் இழுக்கப்பட்ட பக்கத்து ஊரான நாக்ஹோல்ட்டின் மக்கள் விடாமல் போராடி, 1969இல் கென்ட் மாவட்டத்துக்கே திரும்பிச் சென்றார்கள். அது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அவ்வூரார் கூட்டத்துக்கு வந்திருப்பார்கள் என்பது மட்டும் உறுதி.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. கருவிக்கும் பெட்டிக்கும் ஆன செலவு எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகம். கோடை விருந்தில் நட்டம் என்று சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை. சந்தா நிலுவை குறித்து மட்டும் பொதுவாகச் சொல்லிவிட்டு நகர இயலவில்லை. உறுப்பினர் பட்டியலில் உள்ள குடும்பங்களுள் கணிசமானவை இரண்டாம் ஆண்டாகவும் சந்தா செலுத்தவில்லை. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. விமான இரைச்சல், வார இறுதியில் சுற்றுலாவினர் நிறுத்தும் வண்டிகள், புல்வெளி ஓரத்துக் குழிகள் பற்றி மன்றம் என்ன செய்கிறது என்று அடிக்கடி எழுதிக் கேட்பவர்களும் இவர்களுள் உண்டு.

நாற்பதாண்டுக் காலம் இவ்வூர்வாசியாக இருந்த சார்லஸ் டார்வின், 1850இல் தொடங்கிய டவுன் நட்புறவுக் கழகத்துக்கு (உறுப்பினர்கள் பணம் சேர்த்து ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு) முப்பதாண்டுகள் பொருளாளராக இருந்தார். அன்றாடக் கூலிகளும் அதில் உறுப்பினர்கள். ஆண்டுக்கொருமுறை அவர்கள் கொடியும் வாத்தியமுமாக அவர் வீட்டுப் புல்வெளிக்கு அணிவகுத்து வர, கழகத்தின் நிதிநிலையை அவரே எழுந்து விளக்குவாராம், சில பழைய நகைச்சுவைகளுடன். நம் பொருளாளரிடம் நகைச்சுவை எதிர்பார்க்க வேண்டாம், வாத்தியமும் வேண்டாம். வந்து உட்கார்ந்தால் போதும்.

அரங்கத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்த நிர்வாகிகளுக்கும், மின் இணைப்பைக் கூலி பெறாமல் செய்துகொடுத்த உறுப்பினருக்கும், தேநீர்க் குழுவினருக்கும், தணிக்கையாளருக்கும் மன்றத்தின் நன்றி உரியது.

வரும் ஆண்டில் பாரிஷ் கவுன்சில் கோரி நகரமன்றத்துக்கு மனு அளிக்கலாம் என்ற யோசனை செயற்குழு முன் உள்ளது. சட்டம் வழி தருகிறது. ஆனால் வாக்காளர்களில் குறிப்பிட்ட பங்கினர் கையெழுத்திட வேண்டும். ஒரு கூட்டத்தை நடத்தவே இருமுறை கூட வேண்டியிருக்கும் மன்றம் அத்தனை வாசல்களுக்கு யாரை அனுப்பும் என்பதை உறுப்பினர்களே முடிவு செய்யட்டும். செயலாளர் பொறுப்புக்கு இதுவரை வேறு எவரும் மனு அளிக்கவில்லை. நானும் இன்னும் அளிக்கவில்லை. வேட்புமனுப் படிவங்களும், கருவியின் இரண்டாம் காப்பாளருக்கான படிவமும், சந்தா ரசீதுப் புத்தகமும் வாசலருகே உள்ள மேசையில் இருக்கின்றன; தேநீர் அந்த மேசையைத் தாண்டித்தான் வைக்கப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
செயலாளர்