முதியோருக்கு முதலில் அவர்களுடைய கணக்கைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மோசடி பற்றிய செய்தி இல்லாமல் ஒரு வாரம் கழிவதில்லை என்ற நிலை வந்துவிட்டது. 2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் பறிபோன தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி என்று காவல்துறை அறிவித்ததை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் 65 வயதுக்குக் குறைந்தவர்களே. ஆனால் ஒருவர் சராசரியாக இழந்த தொகையைப் பார்த்தால் 65 வயதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களுமே முன்னால் நிற்கிறார்கள். இதில் வியப்பில்லை. முப்பது வயதுக்காரரின் கணக்கில் அடுத்த சம்பளம் வரைக்குமான பணம் இருக்கும். எழுபது வயதுக்காரரின் கணக்கில் மிச்சமுள்ள ஆயுள் முழுவதற்குமான பணம் இருக்கும்.

கப்பல் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். ஈசூனில் எங்கள் புளோக்குக்கு அருகிலுள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்தில், வியாழக்கிழமை காலைகளில் தமிழ்ப் பெண்கள் ஏழெட்டுப் பேருடன் உட்கார்ந்து பண விவகாரம் பேசுவதை இரண்டு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அவர்களில் இளையவருக்கு 66 வயது, மூத்தவருக்கு 84. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்லவே இக்கடிதம்: முதியோருக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது. திருடனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம்; பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை.

சமூக மன்றங்களில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்கள் சிலவற்றுக்கு நானும் போயிருக்கிறேன். ஏற்பாடு செய்பவர்களின் அக்கறையில் குறை சொல்ல மாட்டேன். திரையில் படங்கள் ஓடும், ஒருவர் ஆங்கிலத்தில் பேச இன்னொருவர் தமிழில் சொல்வார், 'பிஷிங்', 'மால்வேர்' என்ற சொற்கள் தமிழ் எழுத்தில் வந்து போகும், கடைசியில் கையில் ஒரு துணிப்பையும் பொட்டலம் கட்டிய பீஹூனும் கொடுத்தனுப்புவார்கள். அப்படி ஒரு கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது, உடன் வந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம் என்ன புரிந்தது என்று கேட்டேன். "யாரையும் நம்பக் கூடாதும்மா" என்றார். மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது, "அப்ப பேங்க்ல இருந்து நெசமாவே கூப்ட்டா என்ன பண்றது?" என்று கேட்டார். கூட்டத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நூறு பேர் நடுவில் எழுந்து கேட்க அவருக்குக் கூச்சம்.

எங்கள் வியாழக்கிழமைகளில் முதல் ஆறு வாரம் மோசடி என்ற சொல்லே வராது. அவரவர் வங்கிப் புத்தகத்தை எடுத்து வரச் சொல்வேன். 72 வயதான ஒருவர் அதைச் சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்கு அடியில் வைத்திருந்தார். கணவர் இருந்தவரை அதைத் திறந்து பார்க்கும் தேவை அவருக்கு வரவில்லை. கணவர் இறந்த பிறகு திறக்கவே பயம். புத்தகத்தை இயந்திரத்தில் செருகியதும் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சாகி, பக்கங்கள் தீர்ந்து, புதுப் புத்தகம் வாங்க வேண்டியதாயிற்று. இரண்டு பேனாக்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வரும் பணத்துக்கு நீலக் கோடு, போகும் பணத்துக்குச் சிவப்புக் கோடு. மாதம் தவறாமல் ஒரே தொகைக்கு ஒரு சிவப்புக் கோடு விழுந்துகொண்டே வந்தது: 28 வெள்ளி, கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ வழியாக. விசாரித்துப் பார்த்தால், இறந்துபோன கணவரின் கைப்பேசி இணைப்புக்கான கட்டணம். மணியடிக்காத ஒரு தொலைபேசிக்காக மூன்று ஆண்டுகளில் ஆயிரம் வெள்ளிக்கு மேல் கரைந்திருந்தது. "மனுசன் போயும் பில்லு போகல பாருங்க டீச்சர்" என்று சிரித்தார். மறுவாரம் மகனைக்கூட அழைக்காமல் தாமே கடைக்குப் போய், வரிசையில் நின்று, இணைப்பை ரத்து செய்துவிட்டு வந்து என்னிடம் ரசீதை நீட்டினார்.

அரசாங்க அதிகாரியைப் போல ஆள்மாறாட்டம் செய்யும் கும்பல்கள் பேசும் விதம் இப்போது பலருக்கும் தெரியும். முதலில் வங்கி அதிகாரி என்று ஒருவர் அழைப்பார். உங்கள் பெயரில் கடன் அட்டை எடுக்கப்பட்டிருக்கிறது, உங்கள் கணக்கில் கள்ளப்பணம் புழங்கியிருக்கிறது என்பார். பிறகு நாணய ஆணையம் என்றோ காவல்துறை என்றோ சொல்லி இன்னொருவரிடம் மாற்றிவிடுவார். விசாரணை முடியும்வரை பணத்தைப் 'பாதுகாப்பான கணக்குக்கு' அனுப்பச் சொல்வார்கள். தம் கணக்கில் என்ன வந்தது, என்ன போனது என்று தெரியாதவரால் இந்தப் பொய்யை எதை வைத்து மறுக்க முடியும்? நீலமும் சிவப்பும் போட்டுப் பழகியவர், அப்படி ஒரு வரி என் புத்தகத்தில் இல்லையே என்று எழுந்து போய்ப் பார்ப்பார். அப்படிப் பார்க்க எழுவதற்குள் அழைத்தவரின் பிடி தளர்ந்துவிடுகிறது.

பண நிர்வாகம் என்றால் வரவு செலவு எழுதுவதோடு முடிவதில்லை. சில எண்களை முதியோர் விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும் என்பேன். மசேநிதியில், அதாவது சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேம நிதியில், ஓய்வுக்காலக் கணக்குக்குக் கிடைக்கும் வட்டி இப்போது ஆண்டுக்குக் குறைந்தது 4 விழுக்காடு. வங்கி நொடித்துப்போனால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 100,000 வெள்ளி வரையிலான வைப்புத்தொகைக்குக் காப்புறுதி உண்டு. 2024 ஏப்ரலுக்கு முன்பு அது 75,000 வெள்ளி. இவை தெரிந்தவரிடம் வந்து "மாதம் 5 விழுக்காடு உறுதி" என்று ஒருவர் சொன்னால், அவர் ஆசைப்படுவதற்கு முன் சந்தேகப்படுவார். அதேபோல், மசேநிதிப் பணம் உயிலில் அடங்காது, அது யாருக்குப் போக வேண்டும் என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும் என்பதைச் சொன்னபோது எங்கள் வகுப்பில் ஐந்து பேர் வாயடைத்துப் போனார்கள். 2025 ஜனவரியில் 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் மசேநிதிச் சிறப்புக் கணக்குகள் மூடப்பட்டபோது, பணம் எங்கே போயிற்று என்று தெரியாமல் தவித்த ஒருவர் எங்கள் புளோக்கிலேயே இருந்தார். அந்தத் தவிப்பின் நடுவே "மசேநிதிக் கழகத்திலிருந்து பேசுகிறோம்" என்று ஓர் அழைப்பு வந்திருந்தால், கேட்டதையெல்லாம் அவர் சொல்லியிருப்பார்.

முதியோர் ஏதும் அறியாதவர்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பின் 84 வயது அம்மாவுக்கு, 1973இல் இங்கே சீட்டு நிறுவனம் ஒன்று சரிந்து ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவுக்கு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. காது வளையம் விற்றுக் கட்டிய பணத்தை அவரும் அதில் இழந்தவர். சீட்டு பிடிப்பவரின் கண்ணைப் பார்த்து, வீட்டைப் பார்த்து, யார் பிணை என்று கேட்டு எடைபோடத் தெரிந்த தலைமுறை அது. கண்ணும் வீடும் பிணையும் இல்லாத ஒரு குரல் பேசும்போது எதை வைத்து எடைபோடுவது என்பதுதான் அவர்களுக்கு யாரும் கற்றுத்தராத பாடம்.

ஏழாம் வாரம் தொலைபேசி ஒத்திகை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் தொண்டூழியத் தம்பி ஒருவர் நடைபாதையில் நின்று, உள்ளே இருப்பவரை 'அதிகாரி'யாக அழைப்பார். அவரிடமிருந்து வருவது பொய்யழைப்பு என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். அப்படியும் முதல் முறை ஒருவர்கூட இணைப்பைத் துண்டிக்கவில்லை. "சரிங்க சார், சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 84 வயது அம்மா மட்டும் ஒருவாறு துணிந்து, "நான் வெச்சிடட்டுங்களா சார்?" என்று மோசடிக்காரரிடமே அனுமதி கேட்டார். அந்தத் தம்பி சிரித்துவிட, நாங்களும் சிரித்தோம். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எதிரே பேசுபவர் பேச்சை முடிக்குமுன் தொலைபேசியை வைப்பது அவமரியாதை என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். 'நம்பாதீர்கள்' என்று திரையில் எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டாலும் அந்த வளர்ப்பு விரலைத் தடுக்கும். மூன்றாம் சுற்றில்தான் அந்த 84 வயது அம்மா பட்டென்று பொத்தானை அழுத்தினார், பிறகு ஏதோ தவறு செய்தவரைப் போலச் சேலைத் தலைப்பால் கைப்பேசியைத் துடைத்தார். இப்போது எல்லாருக்கும் ஒரே வாக்கியம்: "நானே கூப்பிட்டுக்கிறேன்." சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். பிறகு வங்கி அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணைத் தாமே அழைக்கலாம், அல்லது மோசடியா என்று சரிபார்க்க 24 மணி நேரமும் இயங்கும் 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண்ணைக் கேட்கலாம். பக்கத்து வீட்டு அம்மாவின் கேள்விக்கான விடையும் இதுதான். எங்கள் வகுப்பில் ஒருவர் அந்த எண்ணைக் கைப்பேசியில் 'பிள்ளையார்' என்ற பெயரில் சேமித்து வைத்திருக்கிறார். தேடாமல் கிடைக்க வேண்டுமாம்.

அதிகாரிகளிடமும் ஒரு வார்த்தை. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள் என்று சொல்கிறோம். ஆனால் வீடுகளுக்கு அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு குறுஞ்செய்தியில் இணைப்பாகத்தான் வருகிறது. "எதைத் தொடணும், எதைத் தொடக் கூடாது?" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2024 ஜூலை முதல் அரசாங்க அமைப்புகள் பெரும்பாலும் 'கவ்.எஸ்ஜி' (gov.sg) என்ற ஒரே பெயரில் குறுஞ்செய்தி அனுப்புவது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆங்கில எழுத்து படிக்கத் தெரியாதவருக்கு அந்தப் பெயரைப் படமாகவே பழக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் அதைத் தாளில் பெரிதாக எழுதி, வெண்டைக்காய் நறுக்கும் மேசைக்கு மேலே ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

பணத்துக்குப் போடும் பூட்டுகள் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கிப் பணத்தில் ஒரு பகுதியை மின்னிலக்க வழியில் யாரும் எடுக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதியை முக்கிய உள்ளூர் வங்கிகள் 2023 நவம்பரில் கொண்டுவந்தன; மசேநிதியிலும் பணம் எடுப்பதைப் பூட்டி வைக்கலாம். 'இரும்புப் பெட்டி' என்று சொன்னவுடன் எல்லாருக்கும் இது புரிந்துவிட்டது. சென்ற மாதம் நால்வர் போட்டுக்கொண்டார்கள். 'நீங்கள் ஏமாறுகிறீர்கள்' என்று காவல்துறையே சொல்லியும் நம்ப மறுப்பவரின் வங்கிப் பரிவர்த்தனைகளை 30 நாள்களுக்குக் கட்டுப்படுத்த, 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம் வகை செய்கிறது. வரவேற்கிறேன். ஆனால் அது வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு வீசும் கயிறு.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனெனில் நானும் ஒரு மகள். அம்மாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் மறைச்சொல், வங்கிச் செயலி எல்லாவற்றையும் மகன் தன் கையில் எடுத்துக்கொள்கிறார்; அம்மாவுக்குத் தம் பணம் எவ்வளவு என்பதே மறந்துபோகிறது. ஏதேனும் தவறு நடந்தால் "ஒங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்ற வசவு. அந்த வசவுக்குப் பயந்து நாலு நாள் வாய் திறக்காமல் இருந்துவிட்டார் எங்கள் வகுப்பில் ஒருவர். மோசடிக்காரருக்கு அவர் அனுப்பிய தொகை 600 வெள்ளிதான். ஆனால் அன்றைக்கே சொல்லியிருந்தால் வங்கி உடனே தடுக்க முயன்றிருக்கும். பணம் கைமாறும் வேகத்தில் நாலு நாள் என்பது மிகத் தாமதம்.

என் வேண்டுகோள் மூன்று. இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் கோயில்களும் தமிழ் அமைப்புகளும் நூறு பேர் கூட்டத்துக்குப் பதிலாக எட்டுப் பேர் உட்காரும் மேசைகளை, அதுவும் தமிழிலேயே, பத்து வாரத் தொடராக நடத்த முன்வர வேண்டும்; வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் கோயில் மண்டபம் காலியாகத்தானே இருக்கிறது. 2003ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் மணிசென்ஸ் தேசிய நிதிக் கல்வித் திட்டத்தின் பாடங்களை அதற்கு அடிப்படையாகக் கொள்ளலாம். வங்கிகள், முதியவர் கேட்டால் கணக்கறிக்கையைத் தமிழில், பெரிய எழுத்தில் தர வழி செய்ய வேண்டும். மூன்றாவது உங்களுக்கானது. வாரம் ஒரு நாள், பெரிய எழுத்தில், கால் பக்கம் ஒதுக்குங்கள். ஒரு வாரம் கணக்கறிக்கையின் ஒரு வரிக்கு விளக்கம், மறு வாரம் உண்மையாக வந்த ஒரு மோசடிச் செய்தி அப்படியே, எங்கே பொய் இருக்கிறது என்ற குறிப்போடு. எங்கள் வகுப்பில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் இருவர்தான், ஆனால் உங்கள் நாளிதழை எழுவர் படிக்கிறார்கள். கண் மங்கிய எட்டாமவருக்கு மற்றவர்கள் வாசித்துக் காட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு எழுத்தர், ஈசூன்